எண்ணெய்ப் போத்தல் எந்தக் கையில்

9 நவம்பர் 1993, செவ்வாய்

என் பிழை சின்னது, ஒரே ஒரு சொல். 27ஆம் காட்சிக்கான தாளில் ‘இடது கை’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘வலது கை’ என்று எழுதிவிட்டேன். தாளில் அழித்துத் திருத்த அரை நிமிடம் போதும். எடுத்து முடிந்த பிலிமில் அதை அழிக்க முடியாது.

ஒழுங்காகச் சொல்லப் பழக வேண்டும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பகலில் நான் இல்ஃபோர்ட்டில் ஒரு அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறேன். செவ்வாயும் வியாழனும் மாலை வகுப்பு. அங்கே படிப்பது கன்ரினியூற்றி. ஒரே காட்சியை முதலில் தூரத்தில் நின்று எடுப்பார்கள், பிறகு கிட்ட வந்து எடுப்பார்கள். நடுவில் எல்லாரும் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வருவார்கள். கொலர் பொத்தான் பூட்டியிருந்ததா, சிகரெட் எவ்வளவு எரிந்திருந்தது, கோப்பை எந்தக் கையில் இருந்தது என்று பக்கத்தில் இருந்து ஒருத்தி எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு துண்டையும் ஒட்டும்போது கோப்பை கை மாறித் துள்ளும்.

மிஸ்டர் ஹாலமின் படத்தில் இந்த வேலையைச் செய்த பெண்மணி கணுக்காலை முறித்துக்கொண்டார். எங்கள் ஆசிரியை என் பெயரைக் கொடுத்தார். ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. வகுப்பில் என் கையெழுத்துத்தான் வடிவு என்பதாக இருக்கலாம். வருட லீவு முழுவதையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மிஸ்டர் ஹாலம் முப்பத்துநான்கு வருடமாகச் சிரிப்புப் படங்கள் மட்டுமே எடுக்கிறவர். சிரித்துக்கொண்டே திரிகிற ஒருவரை எதிர்பார்த்துப் போனேன். அவரைப் பார்த்தால் பல்வலிக்காரர் என்றுதான் நினைக்கத் தோன்றும். சப்பாத்துக் கயிற்றில் கட்டிய ஸ்ரொப்வாச் ஒன்று எந்நேரமும் கழுத்தில் தொங்கும். படம் பிடிக்கிற இடத்தில் யாரும் சிரிக்கக் கூடாது. “அந்தச் சிரிப்பு தியேட்டரில் இருப்பவர்களுடையது, அதைத் திருடாதீர்கள்” என்பார். ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் நடிக்கிறவரிடம் ஒரே கேள்வி: “உங்களுக்கு என்ன வேண்டும்?” ஒரு மூச்சில் பதில் சொல்ல முடியாதவரைக் கமராவுக்கு முன்னால் விடமாட்டார்.

27ஆம் காட்சி இதுதான். கல்யாணத்தன்று காலை மாப்பிள்ளை, பெண்ணுக்குப் போட வேண்டிய மோதிரத்தை அளவு பார்க்கிறேன் என்று தன் விரலில் போட, அது இறுகிவிடுகிறது. தேவாலயத்துக்கு இன்னும் இருபது நிமிடம். வால் கோட்டோடு ஒரு கடைக்குள் ஓடுகிறான். கடைக்காரர் ரெலிபோனில் பேசிக்கொண்டே, அவனை நிமிர்ந்தும் பார்க்காமல், ஒரு நல்லெண்ணெய்ப் போத்தலைக் கொடுக்கிறார். எண்ணெய் பட்டதும் மோதிரம் கழன்று பறந்து மைசூர்ப் பருப்பு மூட்டைக்குள் விழுகிறது. கடைக்காரர் பேச்சை நிறுத்தாமல், பருப்புப் புடைக்க என்று ஆணியில் தொங்கிய சுளகை எடுத்து மேசையில் வைக்கிறார்.

கடை தோர்ண்டன் ஹீத்தில் தில்லையம்பலம் அண்ணையுடையது. கடைக்காரராக நடிக்க ஒரு நடிகரை ஏற்கெனவே பேசியிருந்தார்கள். ஆனால் இடம் பார்க்க வந்த அன்று மிஸ்டர் ஹாலம் வாழைக்குலைக்குப் பக்கத்தில் கால் மணித்தியாலம் நின்றுவிட்டார். அண்ணை ஒரு கையில் ரிசீவர், மறு கையில் கறிவேப்பிலை, காலால் ஃபிறிட்ஜ் கதவு என்று நின்றார். அடுத்த நாளே அந்த நடிகருக்கு வேறு வேடம் கொடுத்துவிட்டார்கள்.

படப்பிடிப்பு போன வியாழன். வழக்கமான கேள்வியை மிஸ்டர் ஹாலம் கேட்டபோது அண்ணை என் பக்கம் திரும்பினார்.

“என்ன தங்கச்சி, தேத்தண்ணியோ கேக்கிறார்?”

“இல்லை அண்ணை. இந்தக் காட்சியிலை உங்களுக்கு என்ன வேணுமெண்டு கேக்கிறார்.”

“எனக்கோ? இந்த மனிசன் கெதியாப் போகவேணும். நான் போன் கதைக்கவேணும்.”

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். மிஸ்டர் ஹாலம் தலையாட்டினார். அவர் தலையாட்டி அன்றுதான் பார்த்தேன்.

காலையில் தூரத்துக் காட்சி. ரிசீவர் வலது கையில் இருக்க, அண்ணை போத்தலை இடது கையால் கொடுத்திருக்கிறார். நான் எழுதியதோ ‘வலது கை’. அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் எழுதியது பார்த்ததை அல்ல. எங்கள் ஆட்கள் யாரும் ஒரு பொருளை இடக்கையால் நீட்டமாட்டார்கள் என்பதால் என் பென்சில் தன்பாட்டில் எழுதிவிட்டது. பொலரொயிட் படமும் எடுத்தேன்தான். காட்சி முடிந்த பிறகு எடுத்ததால் அதில் போத்தல் மாப்பிள்ளையின் கையில் இருக்கிறது.

மத்தியானம் கிட்டத்துக் காட்சி. எந்தக் கை என்று உதவி இயக்குநர் கேட்டார். நான் தாளைப் பார்த்து “வலது” என்றேன். “ஓம், வலதுதான், வேறை என்ன?” என்றார் அண்ணையும். வலது கையாலேயே எடுத்து முடித்தோம்.

இன்று சோஹோவில் படத்தொகுப்பு அறையில் எடிற்றர் டோரதி இரண்டு துண்டையும் ஒட்டி ஓட்டிக் காட்டினார். போத்தல் இடது கையில் புறப்பட்டு வலது கையில் வந்து சேர்ந்தது. ரிசீவர் ஒரு காதிலிருந்து மறு காதுக்குப் பாய்ந்தது. நான்கு தரம் ஓட்டினார்.

“நடித்துப் பழக்கமில்லாத ஆளைப் போட்டால் இப்படித்தான்” என்றார். “காட்சியை எடுத்துவிடலாம். மாப்பிள்ளை கடைக்குள் ஓடுகிறான், அடுத்ததாகத் தலையெல்லாம் பருப்போடு ரோட்டில் ஓடுகிறான். போதும்.”

அப்படிச் செய்தால் படத்தில் அண்ணையின் முகம் 26ஆம் காட்சியில் கடை ஷட்டர் திறக்கிற ஒரு நொடியோடு சரி.

வியாழக்கிழமை முடிவு சொல்வதாக மிஸ்டர் ஹாலம் சொன்னார். மாப்பிள்ளையாக நடிக்கிற ரொபின் வெள்ளிக்கிழமை மத்தியானம் நத்தார்ப் பண்டிகை நாடக ஒத்திகைக்கு வடக்கே போகிறார். திரும்ப எடுப்பதென்றால் வெள்ளி காலை மட்டும்தான்.

பிழை என்னுடையது என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். பென்சிலைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

10 நவம்பர், புதன்

இன்று படப்பிடிப்பு இல்லை. தோர்ண்டன் ஹீத்துக்குப் போனேன். இடது கையால் கிட்டத்துக் காட்சியை மட்டும் இன்னொரு தரம் எடுக்க அண்ணை சம்மதித்தால், அந்தச் சம்மதத்தோடு மிஸ்டர் ஹாலமிடம் போகலாம் என்பது திட்டம். ரயிலில் போகும்போது அண்ணையிடம் சொல்ல வேண்டியதை நான்கு வரியில் எழுதி வைத்தேன்.

கடைக் கண்ணாடியில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. ‘இக்கடையும் உரிமையாளரும் விரைவில் வெள்ளித்திரையில்’ என்று அண்ணையின் கையெழுத்தில் இருந்தது. நான் கொடுத்த பொலரொயிட் படத்தைப் போட்டோக் கொப்பி எடுத்துக் கீழே ஒட்டியிருந்தார். உள்ளே போனதும் நான்கு வரியும் மறந்துபோயின. அண்ணைக்கு மீசை இல்லை.

“அண்ணை, மீசை எங்கை?”

“எடுத்திட்டன். படத்திலை மீசையோடை நிக்கிறன் எல்லோ. வெளியிலையும் மீசையோடை திரிஞ்சால் சனம் ரோட்டிலை மறிச்சுக் கையெழுத்துக் கேக்கும். கரைச்சல்.”

“ஒருத்தரும் கேக்கமாட்டினம்” என்றார் அவருடைய மனைவி தவநாயகி அக்கா, வெண்டிக்காய்ப் பெட்டிக்குப் பின்னாலிருந்து. “சொதி ஒட்டுப்படுது எண்டு நான்தான் எடுக்கச் சொன்னனான்.”

“இஞ்சை பார் தங்கச்சி, கோச் ஒண்டு பேசியிருக்கிறன். ஐம்பத்திரண்டு சீற். படம் வாற முதல் நாளே எல்லாரும் ஒண்டாப் போறம். ஒரு சீற்றும் மிச்சமில்லை. உமக்கு எண்டு டிரைவருக்குப் பின்னாலை ஒண்டு வைச்சிருக்கிறன்.”

அதற்குப் பிறகு சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது. ஆனாலும் சொன்னேன். என் பிழை, என் தாள், காட்சியைத் தூக்கப் போகிறார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் என் பிழையைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

“காலமை நான் இடக்கையாலையோ குடுத்தனான்?”

“ஓம் அண்ணை.”

“மாப்பிள்ளைக்கோ? எண்ணெயையோ?”

“பாத்தியளே” என்றார் அக்கா. “அந்தப் பொடியன்ரை கலியாணம் என்னெண்டு உருப்படும்?”

“அது படக் கலியாணமப்பா.”

“எந்தக் கலியாணமெண்டால் என்ன? கை கைதானே.”

கிட்டத்துக் காட்சியை மட்டும் இடது கையால் இன்னொரு தரம் எடுக்கலாமா, மீசைக்கு ஒட்டு மீசை வைக்கலாம் என்று கேட்டேன். அண்ணை கல்லாவைப் பூட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

“மாட்டன் தங்கச்சி. அண்டைக்குக் கமராவைக் கண்ட பயத்திலை எனக்கே தெரியாமல் செய்தது. தெரிஞ்சுகொண்டு செய்ய ஏலாது. ஐம்பத்திரண்டு பேர் இருந்து பாக்கப்போயினம். என்ரை மாமியும் வாறா.”

அப்போது ரெலிபோன் அடித்தது. அண்ணை ரிசீவரை வலது கையால் எடுத்துப் பேசத் தொடங்கினார். ஒரு பெண் வந்து மல்லித்தூள் கேட்டாள். அண்ணை இடது கையால் பைக்கற்றை எடுத்தார், பாதித் தூரம் நீட்டினார், நின்றார். பைக்கற்றை மேசையில் வைத்தார். ரிசீவரை இடது கைக்கு மாற்றினார். வயர் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. வலது கையால் பைக்கற்றை எடுத்துக் கொடுத்தார். இவ்வளவுக்கும் பேச்சு நிற்கவில்லை. நீட்டிய கையோடு அந்தப் பெண் காத்துக்கொண்டு நின்றாள்.

பையிலிருந்து ஒரு புதுத் தாளை எடுத்தேன். அரிசி மூட்டையில் உட்கார்ந்து ஒரு மணித்தியாலம் பார்த்து எழுதினேன். ரெலிபோன் பேசும்போது வந்தவர்கள் ஆறு பேர். ஆறு தரமும் கை மாற்றினார். ஆகக் குறைந்தது ஏழு செக்கன், ஆகக் கூடியது பதினான்கு. ஒரு தரம் ரிசீவரைத் தாடைக்குக் கீழே செருகப் போய் அது கருவாட்டுப் பெட்டிக்குள் விழுந்தது. எது நடக்க வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. நடந்ததை மட்டும் எழுதினேன்.

“என்ன பிள்ளை, கவுன்சிலிலை இருந்து கடையைச் சோதிக்கவோ வந்தனி?” என்று கேட்டார் ஆறாவதாக வந்தவர்.

11 நவம்பர், வியாழன்

காலை பத்து மணிக்குப் படத்தொகுப்பு அறைக்குப் போனேன். மிஸ்டர் ஹாலமும் டோரதியும் இருந்தார்கள். உட்கார்ந்தால் சொல்லாமல் விட்டுவிடுவேன் என்று நின்றுகொண்டே சொன்னேன்.

“27ஆம் காட்சியில் பிழை தில்லையம்பலத்தினுடையது அல்ல. நான் தவறாக எழுதினேன். செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்க வேண்டும்.”

டோரதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மிஸ்டர் ஹாலம் என் தாளை வாங்கிப் பார்த்தார்.

“ஏன் வலது என்று எழுதினீர்கள்?”

“எங்கள் ஆட்கள் இடது கையால் கொடுக்கமாட்டார்கள். அது மரியாதையில்லை. அதனால்…”

“அதனால் நீங்கள் அவரைப் பார்க்கவில்லை.”

“இல்லை.”

“இனி அப்படிச் செய்யாதீர்கள்” என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

பிறகு அண்ணை இடது கையால் கொடுக்க மறுப்பதையும், மீசை போய்விட்டதையும் சொன்னேன். டோரதி பெருமூச்சு விட்டு, 27 என்று எழுதிய பிலிம் டப்பாவைக் கையில் எடுத்தார். அதைக் கண்டதும் நேற்று எழுதிய தாளை மேசையில் வைத்தேன்.

“இது என்ன?” என்றார் மிஸ்டர் ஹாலம்.

“அவர் உண்மையில் எப்படிக் கொடுக்கிறார் என்று பார்த்து எழுதியது.”

வாசித்தார். கருவாட்டுப் பெட்டி வரையும் வாசித்தார். “செய்து காட்டுங்கள்” என்றார்.

எனக்கு நடிக்க வராது. பள்ளிக்கூட நத்தார் நாடகத்தில் கூட ஆட்டுக்குட்டியாகத்தான் நின்றிருக்கிறேன். டோரதியின் ரெலிபோனை வலது கையில் எடுத்தேன், பசைப் போத்தலை இடது கையில் எடுத்தேன். நீட்டினேன், நின்றேன், வைத்தேன், கையை மாற்றினேன், வயருக்குள் மாட்டுப்பட்டேன், வலது கையால் கொடுத்தேன். நிமிர்ந்தபோது மிஸ்டர் ஹாலம் ஸ்ரொப்வாச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பதினொரு செக்கன். இருபது நிமிடத்தில் கல்யாணம், விரல் வீங்குகிறது, எண்ணெய் ஒரு முழத் தூரத்தில் நிற்கிறது. அவன் பதினொரு செக்கன் காத்திருக்கிறான்.” டோரதியைப் பார்த்தார். “அந்தக் கடைக்காரர் இதுவரை இந்தக் காட்சியில் வெறும் போத்தல் தாங்கி. இப்போது அவருக்கும் ஒன்று வேண்டியிருக்கிறது.”

“அரை நாள்தான் இருக்கிறது” என்றார் டோரதி.

“முழுவதையும் ஒரே துண்டாக, தூரத்தில் நின்று எடுக்கிறேன். ஒட்ட வேண்டிய தேவையே இல்லை. பன்னிரண்டு மணிக்குள் சரி வராவிட்டால் நீங்கள் சொன்னபடி வெட்டுங்கள்.”

டோரதி டப்பாவைத் திரும்ப வைத்தார், ஆனால் மூடி போடவில்லை.

12 நவம்பர், வெள்ளி

காலை எட்டு மணிக்குக் கடைக்குப் போய்விட்டோம். டோரதியும் வந்திருந்தார். தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

முதல் தடை எதிர்பாராதது. ரிசீவருக்குள் யாரும் பேசாததுதான் சிக்கல் என்றார் அண்ணை. “ஒருத்தரும் இல்லாத போனிலை என்னெண்டு தங்கச்சி கதைக்கிறது? அண்டைக்கும் அதாலைதான் நான் தடுமாறினனான்.” அதனால் தவநாயகி அக்கா மேல்மாடி ரெலிபோனில் இருந்து பேசுவதென்று முடிவானது. இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது மிஸ்டர் ஹாலம் இரண்டாவது தரம் தலையாட்டினார்.

“உங்களுக்கு என்ன வேண்டும்?” என்றும் கேட்டார்.

“அவர் போகவேணும்” என்றார் அண்ணை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனால் மரியாதையாப் போகவேணும்” என்றார்.

முதல் தரம் அண்ணை கமராவைப் பார்த்துப் புன்னகைத்தார். இரண்டாம் தரம் வயர் இழுத்து மீன் ரின் கோபுரம் சரிந்தது. அடுக்கிவைக்க இருபது நிமிடம் போனது. மூன்றாம் தரம் எல்லாம் சரியாக வந்தது, ஆனால் ஒலிப்பதிவுக்காரர் சிரித்துவிட்டார். “திருடன்” என்றார் மிஸ்டர் ஹாலம். அந்த மனிதரை வாசலுக்கு வெளியே நிறுத்தி, அங்கிருந்தே ஒலியைப் பதிய வைத்தார்.

மணி பதினொன்று பத்து. ரொபினின் கார் வெளியே நின்றது. டோரதி மணிக்கூட்டைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பிறகு அண்ணையை மட்டும் பார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

நான்காம் தரம். ரொபின் ஓடிவந்து விரலைக் காட்டினார். அண்ணை நிமிராமல் இடது கையால் போத்தலை எடுத்தார். பாதித் தூரம் நீட்டினார். நின்றார். அப்போதுதான் மாப்பிள்ளையின் வால் கோட்டையும் பூவையும் முதல் தரம் பார்த்தார். போத்தலை மெதுவாக மேசையில் வைத்தார். ரொபினின் கை காற்றில் நின்றது.

“பொறும், பொறும், கை மாத்திறன்” என்றார் அண்ணை ரிசீவருக்குள்.

“ஆருக்குக் குடுக்கிறியள்?” என்ற அக்காவின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

“மாப்பிள்ளை ஒருத்தருக்கப்பா.”

“அப்ப வலக்கையாலை குடுங்கோ!”

“அதுக்குத்தானே மாத்திறன்!”

ரிசீவர் இடது கைக்கு வந்தது, வயர் கழுத்தைச் சுற்றியது, போத்தல் வலது கையில் ஏறியது. அண்ணை கொஞ்சம் குனிந்து, கோயிலில் கொடுப்பதைப்போல மரியாதையாகக் கொடுத்தார். ரொபின் அந்த மரியாதையில் தடுமாறித் தானும் குனிந்து இரண்டு கையாலும் வாங்கினார். அது திரைக்கதையில் இல்லாதது. மோதிரம் பறந்தது, பருப்பில் விழுந்தது. அண்ணை சுளகை எடுத்து வைத்தார்.

யாரும் சிரிக்கவில்லை. டோரதி வாயில் கழுத்துத் துண்டைத் திணித்துக்கொண்டு அரிசி மூட்டைப் பக்கம் திரும்பி நின்றார். தோள் இரண்டும் குலுங்கின.

“கன்ரினியூற்றி?” என்று கேட்டார் மிஸ்டர் ஹாலம்.

“எடுத்தது இடது கை. கொடுத்தது வலது கை. பதின்மூன்று செக்கன். வாங்கியது இரண்டு கையாலும்” என்று வாசித்தேன்.

மிஸ்டர் ஹாலம் டோரதியைப் பார்த்தார்.

“வைத்துக்கொள்ளலாம்” என்றார் டோரதி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “கோச்சில் இடம் இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள்.”

“அவவுக்கு இல்லாத சீற்றோ?” என்றார் அண்ணை. “மாமியை மடியிலை வைச்சிருக்கிறன்.”

ரொபின் எண்ணெய்க் கையோடு காரில் ஏறினார். விளக்குகளைக் கழற்றத் தொடங்கினார்கள். அக்கா எல்லாருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தார். நான் மூட்டையில் உட்கார்ந்து பழைய தாள்களை இலக்கப்படி அடுக்கினேன். 25, 26. 26ஆம் தாளில் என் கையெழுத்தில் இருந்தது: ‘கடைக்காரர் ஷட்டர் திறக்கிறார். நீலச் சுவெற்றர். மீசை.’

இப்போது எடுத்த காட்சியில் அண்ணைக்கு மீசை இல்லை. கதைப்படி ஷட்டர் திறந்து ஐந்து நிமிடத்தில் மாப்பிள்ளை ஓடி வருகிறான். ஐந்து நிமிடத்தில் மீசை போகாது.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். நான் நினைத்ததைவிடக் குரல் பெரிதாக வந்துவிட்டது.

“26இல் அவருக்கு மீசை இருக்கிறது!”

விளக்குக் கழற்றியவர்கள் கூட நின்றுவிட்டார்கள். அண்ணை மேலுதட்டைத் தடவிப் பார்த்தார். மிஸ்டர் ஹாலம் என்னிடம் வந்தார்.

“இதை எப்போது கண்டீர்கள்?”

“இப்போதுதான். அரை நிமிடம் கூட ஆகவில்லை.”

ஸ்ரொப்வாச்சைத் தூக்கிப் பார்த்தார். அது ஓடவே இல்லை. “நல்ல நேரம்” என்றார். “கமரா நாளை மாலைதான் திரும்பிப் போகிறது. ஷட்டரை நாளைக் காலை எடுப்போம். திங்கட்கிழமையும் படத்தொகுப்பு அறைக்கு வாருங்கள்.”

“உங்களுக்கு வேலையில்லையே அப்பா” என்றார் அக்கா அண்ணையிடம். “ஒரு மீசைக்கு இவ்வளவு சனத்தை மினைக்கெடுத்திறியள்.”

“ஆர் எடுக்கச் சொன்னது?”

“ஆர் கேட்டது?”

நாளை, சனி: காலை 7.30, தோர்ண்டன் ஹீத். 26ஆம் காட்சி, ஷட்டர் திறப்பது. நீலச் சுவெற்றர், மீசை இல்லை. ஷட்டர் கொளுக்கியை எந்தக் கையால் தூக்குகிறார் என்று பார்த்து, அதன் பிறகு எழுத வேண்டும். இரண்டு பென்சில். பொலரொயிட் பிலிம் ஒரு பைக்கற்.